டன்வாரிக் பள்ளத்தாக்கின் கல்யாணங்கள்

குவேக்கர்ஸ் ஹில், சிட்னி
ஆகஸ்ட் 2, 2025

அன்புள்ள சயந்தினி,

இதைக் கிழித்துப் போடுவதற்கு முன் முதல் பக்கத்தையாவது படித்துவிடு. தொலைபேசியில் என்னைத் தடுத்துவிட்டாய். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. அஞ்சல்காரரை உன்னால் தடுக்க முடியாது என்பதால் அவரை நம்பி எழுதுகிறேன். உங்கள் மெல்போர்ன் முகவரியைத் தமிழ்ப் பள்ளியில் வாங்கினேன். உன் புத்தகம் ஒன்று என்னிடம் தங்கிவிட்டது என்று பொய் சொன்னேன்.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் எனக்கு அது விவாதப் போட்டி ஆகிவிடுகிறது. ஒவ்வொரு வாக்கியமும் எதிராளியைத் தோற்கடிக்கப் பார்க்கிறது. தமிழில் ஒரு சொல்லைத் தேடிப் பிடிப்பதற்குள் பாதிக் கோபம் ஆறிப்போகிறது.

செய்தி இதுதான்: என் கட்டுரை டன்வாரிக் பரிசின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறது. செப்டம்பர் இருபதாம் தேதி மெல்போர்னில், நகரத்து நூலக அரங்கில், ஐந்து பேர் வாசிக்கிறோம். கேட்பதற்கு ஸ்காட்லாந்திலிருந்து, பரிசு தரும் டன்வாரிக் குடும்பத்து லேடி மோராக் வருகிறார். வெல்பவரை ஆறு வாரம் அங்கே அழைத்துப்போய், கோட்டையின் நூலகத்தில் உட்கார்ந்து படிக்க விடுவார்கள். உட்கார்ந்து படிக்க! எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

டன்வாரிக் குடும்பத்தைப் பற்றி உன் காது புளிக்கும்வரை சொல்லியிருக்கிறேன். ஆனால் நீ எப்போதும் பாதியில் கொட்டாவி விடுவாய், அதனால் இன்னொரு முறை. நானூறு வருடங்களாக அந்த வீட்டு ஆண்களுக்கு இரண்டே தொழில்கள், படை அல்லது பாராளுமன்றம். 1745இல் அரசருக்கு எதிராகக் கலகம் எழுந்தபோது அப்பா அரசர் பக்கம் நின்றார், இளைய மகன் கலகக்காரர்கள் பக்கம் போனான். பேசி வைத்துக்கொண்டே பிரிந்தார்கள். யார் வென்றாலும் கோட்டை வீட்டைவிட்டுப் போகாது. மகன் செத்தான், கோட்டை நின்றது.

அந்த அப்பாவின் பேரன்தான் ஆர்ச்சிபால்ட், ஆறாவது பிரபு. 1793இல் பிரான்சோடு போர் வந்ததும் அவர் சொந்தமாக ஒரு படைப்பிரிவு திரட்டினார். தன் நிலத்தில் குடியிருந்தவர்களிடம், "வீட்டுக்கு ஒரு மகனைத் தாருங்கள், நிலம் உங்களிடமே இருக்கும்" என்றார். தராதவர்கள் மூட்டை கட்டலாம். மகனைத் தந்தவர்களையும் சேர்த்துப் பிற்பாடு அவருடைய வாரிசு வெளியேற்றிவிட்டு அங்கே ஆடு வளர்த்தார். அடுத்த தலைமுறையில் ஒருவர் சிட்னிக்கு வந்து சட்டசபையில் உட்கார்ந்தார். அவர் பெயரில்தான் எங்கள் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தெரு.

நான் கண்டுபிடித்தது ஆர்ச்சிபால்டைப் பற்றி. அவர் வயதான பிறகு லண்டன் பாராளுமன்றத்தில் பேசிய ஒரு பேச்சு எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. "நான் படை திரட்டிய குளிர்காலத்தில் என் பள்ளத்தாக்கில் வாரம் தவறாமல் கல்யாணம். பிடில்களின் தந்திகள் அறுந்தன. துயரப்படும் மக்களா இப்படி ஆடுவார்கள்?" கல்யாணமானவர்களைப் படைக்கு எடுப்பதில்லை என்ற விதி வேறொரு புத்தகத்தில் வேறொரு பக்கத்தில் கிடக்கிறது. இரண்டு பக்கங்களையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. நான் வைத்தேன். எனக்கு ஏன் அது தோன்றியது என்று உனக்குத் தெரியும்.

அதற்காகத்தான் கோபமா? நீ சொல்லாமல் எனக்கு எப்படித் தெரியும்?

இருபதாம் தேதி நீ வர வேண்டும்.

வைதேகி

த பேசின், மெல்பேர்ண்
ஆகஸ்ட் 11, 2025

வைதேகி,

கிழிக்கவில்லை. அம்மா எடுத்துக் கொடுத்தபடியால் கிழிக்க முடியவில்லை.

உனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். சரி, தெரிந்துகொள்.

உன் கட்டுரையை உன் அப்பா சந்தோசத்தில் தமிழ்ச் சங்கத்து வட்சப் குழுவில் போட்டார். ஆங்கிலம் வாசிக்காதவர்களுக்காகத் தமிழிலும் மாற்றிப் போட்டார். அதில் பெயர் இல்லை என்பாய். "சிட்னியில் என் தோழி ஒருத்தி, வன்னியில் பிறந்தவள், அவளுடைய பெற்றோர்" என்று எழுதினால் பெயர் எதற்கு? தமிழ்ப் பள்ளியில் உன்னோடு ஒட்டிக்கொண்டு திரிந்தது வேறு யார்?

நாங்கள் இங்கே வருவதற்கு முந்தின கிழமை அம்மா வென்ட்வேர்த்வில்லில் மீன் வாங்கப் போனா. கடையில் ஒரு அன்ரி எல்லாருக்கும் கேட்கக் கேட்டா: "நீங்கள்தானே அந்தக் கட்டுரையில வாற பொம்பிளை? இயக்கம் பிடிக்கும் எண்டு அவசரத்தில கட்டிவைச்சவையாம். பாவமப்பா!" அம்மா மீனை வாங்காமல் வந்துவிட்டா. எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற ஆள் அப்பாவுக்குச் சொல்லிவிட்டார். அப்பா கட்டுரையைத் தேடி வாசித்தார்.

அதில் நீ எழுதிய ஒரு வரி: "மணமகள் விரும்பியது அவனை அல்ல, பாதுகாப்பை மட்டுமே."

அந்த "அவன்" என் அப்பா. அவருக்கு உன் பிரபுவைத் தெரியாது, பிடிலைத் தெரியாது. அந்த ஒரு வரி மட்டும் தெரியும். அன்றிலிருந்து அவர் அம்மாவோடு கதைப்பதில்லை. சண்டையும் இல்லை. "சோறு போடவோ?" "ம்." அவ்வளவுதான். இங்கே பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. விடிய எழும்ப வேண்டும், உங்கள் நித்திரையைக் குழப்பக் கூடாது என்று சொல்லி முன்னறைச் சோபாவில் படுக்கிறார். சிட்னியிலும் விடியத்தான் எழும்பினவர். அப்போது ஒருவருடைய நித்திரையும் குழம்பவில்லை.

உன் வசனம் எங்கள் வீட்டில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றித்தான் நாங்கள் நடக்கிறோம்.

அதை நீ இன்னொரு தரம், ஒலிவாங்கியில், நாங்கள் இருக்கிற ஊரில் வந்து வாசிக்கப் போகிறாய். என்னையும் வரச் சொல்கிறாய்.

சயந்தினி

குவேக்கர்ஸ் ஹில்
ஆகஸ்ட் 16, 2025

அன்புள்ள சயந்தினி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மீன்கடையில் நடந்தது எனக்குத் தெரியாது. உன் அம்மாவிடம் என் வருத்தத்தைச் சொல்.

ஆனாலும் சில விஷயங்களை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். என் அப்பா செய்தது தப்பு. நான் கேட்டேன். "ஏம்ப்பா அனுப்பினீங்க?" "நல்லா இருந்துச்சும்மா. எம்பொண்ணு எழுதினதுன்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? அதுல யார் பேரும் இல்லையே!" என்றார். பிறகு முகம் சின்னதாகிவிட்டது. கட்டுரையைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். நீக்கி என்ன பிரயோசனம் என்று அவருக்கும் தெரிகிறது.

நான் எழுதியதில் பொய் எது? நீ சொன்னதைத்தான் எழுதினேன். வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் மழைக்கு ஒதுங்கி, கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டு, நீதான் சொன்னாய். "அம்மாவுக்கு அப்பாவைப் பிடிச்செல்லாம் கட்டேல்ல, பயத்தில கட்டினது" என்று. ரகசியம் என்று சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு சொன்னாய்.

அந்தக் கதை இல்லாவிட்டால் எனக்கு அந்தப் பள்ளத்தாக்கு புரிந்தே இருக்காது. நினைத்துப் பார். இருநூறு வருடங்களாக அந்த மக்களை ஒரு பிரபு "சந்தோஷமாக ஆடினார்கள்" என்று பாராளுமன்றத்தில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எல்லாரும் அதைத் திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு வழியில்லாத பையன்கள் படையோடு போய், சிலர் நம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து காய்ச்சலில் செத்திருக்கிறார்கள். அவர்களுக்காக ஒருவராவது உண்மையைச் சொல்ல வேண்டாமா? உன் அம்மா அப்பாவின் கதை அதற்குத்தான் சாட்சி. அது அவமானமான கதை இல்லையே. எனக்கு அது ரொம்பப் பெரிய கதை.

இதை எழுதும்போதே இது விவாதப் போட்டி மாதிரி ஆகிவிட்டது என்று தெரிகிறது. தமிழும் உதவவில்லை. அடித்து எழுத மனசில்லை, அப்படியே அனுப்புகிறேன்.

வைதேகி

த பேசின்
ஆகஸ்ட் 24, 2025

வைதேகிக்கு,

ஓம். நான்தான் சொன்னேன். சிரித்துக்கொண்டும் சொன்னேன். அதற்கு உனக்கு எழுத்துமூலம் அத்தாட்சி வேண்டுமென்றால் இந்தக் கடிதத்தை வைத்துக்கொள்.

எப்படிச் சொன்னேன் என்பதையும் கேள். உன் வீட்டில் எல்லாருக்கும் ஒரு கதை இருக்கும். உன் கொள்ளுத்தாத்தா என்ன படித்தார், உன் அம்மா எந்த மேடையில் பாடினா. என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. அன்றைக்கு நீ உன் பிரபுவின் படையைப் பற்றி அவ்வளவு ஆசையாகக் கதைத்தாய். உன் கண் முழுக்க என்மேல் இருக்க வேண்டும்போல் இருந்தது. அதனால் சொன்னேன். இயக்கம் சண்டைக்கு வீட்டுக்கு ஒருவரைக் கேட்ட வருசம், கலியாணம் கட்டினவர்களைப் பிடித்துக்கொண்டு போகவில்லை, அதனால் கண்டபாட்டுக்குக் கட்டி வைத்தார்கள் என்பது அம்மா சொன்னது. "பிடிச்சுக் கட்டேல்ல" என்பது நான் போட்ட உப்பு. அம்மா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

நீ அந்த உப்பை மட்டும் எடுத்துக் கறி வைத்துவிட்டாய்.

இப்போது வீட்டு நிலைமை: அம்மா அப்பாவின் பஸ் சட்டையை ஒவ்வொரு நாளும் மினுக்கி, மடிப்புக் கலையாமல் கதிரையில் தொங்கவிடுகிறா. அவர் ஒன்றும் பேசாமல் எடுத்துப் போட்டுக்கொண்டு போகிறார். போன ஞாயிறு விநாயகர் கோயிலுக்குப் போனோம். அருச்சனைக்கு அம்மா வழமைபோல அவருடைய நட்சத்திரத்தை முதலில் சொன்னா. அவர் ஐயர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்து நான் "ஏனப்பா இப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்டேன். "எப்பிடி?" என்றார். அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. கோபமும் இல்லை. இவ்வளவு வருசமும் தான் ஒரு பதுங்குகுழியாகத்தான் இருந்தேனோ என்று யோசிக்கிறார்போல.

வாசிக்கிறதென்றால் வாசி. பரிசும் எடு. நான் வரமாட்டேன்.

சயந்தினி

குவேக்கர்ஸ் ஹில்
ஆகஸ்ட் 31, 2025

அன்புள்ள சயந்தினி,

உன் கடிதம் வந்தது. பதுங்குகுழி என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன்.

எடுத்துப் பார்த்தால் கட்டுரை பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. ஆர்ச்சிபால்ட் படை திரட்டுகிறார், கல்யாணங்கள் நடக்கின்றன, விதியும் இருக்கிறது. அவ்வளவுதான். ஏன் என்று சொல்ல ஆள் இல்லை. எங்கள் வரலாற்று ஆசிரியை மிஸ் கால்டரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். "வைதேகி, உன்னை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனதே அந்தப் பகுதிதான். பெயரை மாற்று, ஊரை மாற்று. ஆனால் எடுக்காதே. எடுத்தால் இது ஒரு நல்ல பள்ளிக் கட்டுரை, அவ்வளவுதான்" என்றார். அவர் சொல்வது சரி. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. பெயரை மாற்றினாலும் உன் அப்பா அந்த வரியைத் தன் வரியாகத்தானே கேட்பார்?

கோட்டை நூலகத்தின் படத்தை என் மேசைக்கு மேலே ஒட்டியிருந்தேன். அதை எடுக்கவில்லை. நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

பிறகு ஆர்ச்சிபால்டின் பேச்சைத் திரும்பவும் படித்தேன், ஏதாவது கிடைக்குமா என்று. இந்த முறை எனக்கு வேறொன்று தெரிந்தது. அவர் எந்தக் கல்யாணத்துக்கும் போனதாகச் சொல்லவே இல்லை. கோட்டை ஜன்னலிலிருந்து பிடில் சத்தம் கேட்டதாகத்தான் சொல்கிறார். சத்தத்தைக் கேட்டார், சந்தோஷம் என்று முடிவு கட்டினார். நான் அவரைப் பக்கம் பக்கமாகத் திட்டியிருக்கிறேன். நான் என்ன செய்தேன்? கொத்துரொட்டிக் கடையில் பாதிக் கதையைக் கேட்டேன், துக்கம் என்று முடிவு கட்டினேன். அவருக்கு அது பாராளுமன்றத்துக்குத் தேவைப்பட்டது. எனக்குப் பரிசுக்கு.

அந்தப் பள்ளத்தாக்குப் பெண்களை இனி யாராலும் கேட்க முடியாது. ஆனால் உன் அம்மா அடுத்த அறையில் இருக்கிறார். நானும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. உன் அப்பாவும் கேட்கவில்லை போலிருக்கிறது.

கட்டுரைக்காக இதைச் சொல்லவில்லை. நீ என்ன பதில் எழுதினாலும், எழுதாவிட்டாலும், அந்தப் பகுதி திரும்ப வராது.

வைதேகி

த பேசின்
செப்டம்பர் 12, 2025

வைதேகி,

உடனே பதில் எழுதவில்லை. கேட்பதற்குத் தைரியம் வர இவ்வளவு நாள் ஆனது.

நேற்றுப் பின்னேரம் அம்மா குசினியில் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டு நின்றா. அப்பா வேலைக்குப் போயிருந்தார். நான் கதவில் சாய்ந்துகொண்டு, "அம்மா, நீங்கள் அப்பாவைக் கட்டேக்க அழுதனீங்களோ?" என்று கேட்டேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அழவோ? நான் சிரிச்சனான்" என்றா.

பிறகு சொன்னா. கோயில் முன்றலில் ஒரே காலையில் ஐந்து சோடிக்குத் தாலி கட்டினார்களாம். சாமான் ஒன்றும் கிடைக்காத காலம். ஐந்து பேருக்கும் ஒரே கூறைச்சேலை. முதல் பெண் உடுத்து, தாலி கட்டி, பின்னால் போய் மாற்றிக் கொடுக்க, அடுத்தவ உடுக்கிறது. அம்மா மூன்றாவது. அம்மாவுக்கு முன்னம் உடுத்தவ அழுத அழுகையில் முந்தானை நனைந்து, அதற்கு மேல் யாரோ கொடுத்த தேத்தண்ணியையும் ஊற்றிக்கொண்டாவாம். "ஈரச் சேலையைச் சுத்திக்கொண்டு நிக்கிறன். தேத்தண்ணி மணக்குது. ஐயர் மந்திரத்தை ஓட்டமா ஓட்டுறார், இன்னும் ரெண்டு சோடி நிக்குதெண்டு. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. நிப்பாட்ட ஏலேல்ல."

"பயமா இருக்கேல்லையோ?"

"பயத்திலதானே பிள்ளை கட்டினது! பயமில்லாட்டி பத்தொன்பது வயசில ஆர் கட்டுறது? ரெண்டும் இருந்தது."

"அப்ப அப்பாவில விருப்பம்?"

அம்மா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "அது பிறகு வந்தது. எப்ப, எங்க வைச்சு எண்டு எனக்கு வடிவாத் தெரியும்" என்றா. சொல்லுங்கோ என்றேன். சொல்லவில்லை.

நான் உன்னைப் பற்றியும் சொன்னேன். நீ அந்தப் பகுதியை எடுத்ததைச் சொன்னேன். இப்போது சரியாகத் தெரிந்துவிட்டதே, சரியாக எழுதி வாசிக்கட்டுமோ என்றும் கேட்டேன். உனக்காகத்தான் கேட்டேன், வைதேகி. கோபம் முழுக்கப் போய்விட்டது என்று நினைக்காதே.

அம்மா யோசித்துவிட்டுச் சொன்னா: "உன்ர அப்பாவுக்கே நான் இன்னும் சொல்லேல்ல. அவருக்கு முன்னம் பிரபு வீட்டு ஆக்களுக்கோ?"

ஆகவே இல்லை. இந்தக் கடிதத்தில் உள்ளதும் உனக்கு மட்டும்தான். இதை ரகசியம் என்று சொல்கிறேன். இந்தமுறை சொல்கிறேன்.

"அப்ப அப்பாவுக்குச் சொல்லுங்கோவன்" என்றேன். "அவர் கேக்கட்டும். வீட்டுக்குள்ள வந்து நிண்டு, என்ர முகத்தைப் பாத்துக் கேக்கட்டும்" என்றா. அம்மாவுக்கும் கோபம் இருக்கிறது. அதை நான் இவ்வளவு நாளும் காணவில்லை.

சயந்தினி

குவேக்கர்ஸ் ஹில்
செப்டம்பர் 21, 2025

அன்புள்ள சயந்தினி,

நேற்று வாசித்தேன். உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது, அதனால் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

அரங்கம் நினைத்ததைவிடப் பெரியது. லேடி மோராக் முன்வரிசையில் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கிரீடம் எதுவும் இல்லை. தொடக்கத்தில் பேசியபோது, "எங்கள் வீட்டு ஆண்கள் ஒன்று போர்க்களத்துக்குப் போனார்கள், இல்லாவிட்டால் பாராளுமன்றத்துக்குப் போனார்கள். வீட்டிலிருந்த பெண்களுக்கு இரண்டும் ஒரே சத்தம்தான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதனால் இன்னும் பயமாக இருந்தது.

நான் நான்காவது. கோட்டையைக் காப்பாற்றப் பிரிந்த அப்பா மகனிலிருந்து தொடங்கி ஆர்ச்சிபால்டுக்கு வந்தேன். அவருடைய பேச்சைப் படித்தேன், விதியைப் படித்தேன். அதன் பிறகு நான் புதிதாக எழுதிய முடிவு. உனக்காகத் தமிழில் தருகிறேன்:

"அந்தக் குளிர்காலத்தில் ஏன் அத்தனை கல்யாணங்கள் என்று எனக்குத் தெரியும் என நினைத்தேன். அதை விளக்கும் பகுதி ஒன்று இந்தக் கட்டுரையில் இருந்தது. நடுவர்கள் அதைப் படித்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டேன். அது எனக்குச் சொந்தமில்லை. அதில் வந்த மணமகளிடம் நான் கேட்கவும் இல்லை. பிரபு ஜன்னல் வழியே பிடிலைக் கேட்டு மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார். நான் பாதிக் கதையைக் கேட்டுத் துயரம் என்று எடுத்துக்கொண்டேன். மணமகள் இருந்த அறைக்குள் நாங்கள் இருவருமே போகவில்லை. அவள் பயந்தாளா, சிரித்தாளா, பிறகு எப்போதாவது அவனை விரும்பினாளா என்பது அவனுக்குத் தெரிந்திருக்கலாம். கேட்டிருந்தால்."

வாசித்து முடித்ததும் ஒரு கணம் யாரும் கை தட்டவில்லை. முடிந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரியவில்லை என நினைக்கிறேன். கட்டுரை நடுவழியில் நிற்பது மாதிரி இருந்திருக்கும்.

பரிசு பெண்டிகோவிலிருந்து வந்த ஒரு பையனுக்கு. அவன் டன்வாரிக் குடும்பத்துக் கப்பல்களைப் பற்றி எழுதியிருந்தான். நன்றாகவே எழுதியிருந்தான், குறை சொல்ல முடியாது. தேநீர் நேரத்தில் லேடி மோராக் என்னிடம் வந்து, "எடுத்த பகுதி நினைவிருக்கிறதா?" என்று கேட்டார். ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது என்றேன். "எனக்கு மட்டும் சொல்வாயா?" என்றார். ரொம்ப அன்பாகத்தான் கேட்டார். இல்லை என்றேன். இல்லை என்று ஒரு பிரபு வீட்டுப் பெண்மணியிடம் சொல்லிவிட்டு, பிஸ்கட்டைக் கீழே போட்டேன்.

விமானத்தில் அப்பா நிகழ்ச்சித் தாளை மடித்து மடித்துப் பிரித்தார். பிறகு, "ஜெயிச்சிருக்கலாம்டா கண்ணு" என்றார். "ஆமாப்பா." "வருத்தமா?" "ஆமா." பொய் சொல்லத் தோன்றவில்லை. கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அந்த நூலகம் எனக்கு வேண்டும் சயந்தினி. இன்னும் வேண்டும்.

வாசிக்கும்போது கதவையே பார்த்தேன். நீ வரமாட்டேன் என்று எழுதியிருந்தாய், தெரியும். சும்மா பார்த்தேன்.

வைதேகி

த பேசின்
செப்டம்பர் 26, 2025

அன்புள்ள வைதேகி,

கதவைப் பார்த்தாய், தூணைப் பார்க்கவில்லை. நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். அப்பாவும் இருந்தார்.

வருவதாக இருக்கவில்லை. அன்றைக்குக் காலையில் நூலகத்துக்குப் போக வேண்டும், ரயிலில் போகட்டுமோ என்று அப்பாவைக் கேட்டேன். எதற்கு என்றார். பொய் சொல்ல நினைத்து, உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு, "ஏறு" என்றார். என்னை இறக்கிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். கார் நிறுத்திவிட்டு உள்ளே வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நீ மேடைக்கு வந்தபோது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அந்த வரி வரப்போகிறது என்று காத்திருந்தார்போல. நானும் காத்திருந்தேன். நீ எடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய், நான் நம்பினேன், ஆனாலும் காத்திருந்தேன்.

நீ முடித்தவுடன் எழும்பிவிட்டார். அதனால்தான் உன்னைச் சந்திக்கவில்லை. ஓடி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் என்னை விட்டுவிட்டுப் போயிருப்பார், அவ்வளவு வேகம்.

வீட்டுக்குள் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே குசினி வாசலுக்குப் போனார். அம்மா கறிச்சட்டியைக் கழுவிக்கொண்டு நின்றா.

"அண்டைக்கு நீர் ஏன் சிரிச்சனீர்?" என்று கேட்டார்.

"எண்டைக்கு?"

"கோயில்ல. நான் தாலி கட்டேக்க."

அம்மா தண்ணீர்க் குழாயை மூடினா. "இவ்வளவு காலமும் வைச்சிருந்து இப்பவோ கேக்கிறியள்?"

"நான் உடுத்த வேட்டி கட்டை. முழங்காலுக்குக் கிட்ட நிண்டது. அதைப் பாத்துத்தான் சிரிக்கிறீர் எண்டு நினைச்சன். ஒரு கையால வேட்டியை இழுத்துக்கொண்டு முடிச்சுப் போட ஏலேல்ல."

"உங்கட வேட்டியை ஆர் பாத்தது? எனக்கு என்ர சேலை!" என்று அம்மா தேத்தண்ணிக் கதையைச் சொல்லத் தொடங்கினா. அவர் நடுவில் மறித்து, "அப்ப அந்தப் பிள்ளை முந்தி எழுதினது சரியோ? விருப்பமில்லாமலோ கட்டினீர்?" என்று கேட்டார்.

"உங்களுக்கு மட்டும் விருப்பமோ?"

"எனக்கெங்க விருப்பம்? அம்மா அழுது குழறி இழுத்துக்கொண்டு வந்தவ!"

"ஓகோ!" என்றா அம்மா.

அந்த "ஓகோ"வுக்குப் பிறகு, வைதேகி, இரண்டு மாதமாகக் கதைக்காத கதையெல்லாம் கதைத்தார்கள். ஆர் கூடுதலாக விருப்பமில்லாமல் கட்டினது என்பதுதான் சண்டை. கோயிலுக்குப் பிந்தி வந்தது ஆர், முகத்தைத் தூக்கி வைத்திருந்தது ஆர், முதல் நாள் சோற்றைத் திருப்பித் தள்ளினது ஆர் என்று ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றைக்கு அப்படித் தொடங்கினது, இன்றைக்கும் முடிந்தபாடில்லை. அப்பா வேலையால் வந்து, சாப்பாட்டுக் கோப்பையோடு குசினிக்குள்ளேயே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பிடிக்கிறார். எனக்குப் படிக்க ஏலாமல் இருக்கிறது.

உனக்குப் பரிசு கிடைக்காதது எனக்குக் கவலை. உண்மையாகவே. நீ எடுத்தது எங்களுக்காக என்று தெரியும், அதற்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. வரும். டிசம்பரில் நீ இங்கே வந்து நில். அம்மா கேட்கச் சொன்னா.

நான் இதை எழுதும்போதும் அவர்கள் அங்கேதான். இப்போது அம்மா பெரிதாகக் கேட்டா: "அவ்வளவு விருப்பமில்லாத ஆள் ஏன் ஓடிப்போகேல்ல? சைக்கிள் வாசல்லதானே நிண்டது!"

அப்பா பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. மெல்லத்தான் சொன்னார். நான் எழும்பிப் போய்க் கேட்கவில்லை.

சயந்தினி